கணக்கு இடிக்குதே மாமா!

பி.காம். படித்தவனிடம் ஊரில் வழக்கமாக மூன்று கேள்விதான் கேட்பார்கள். 'இன்கம்டாக்ஸ் எவ்வளவு வரும்?', 'பேங்க்ல லோன் கிடைக்குமா?', 'எப்போ கல்யாணச் சாப்பாடு போடப் போறே?' முதல் இரண்டுக்கும் எனக்குப் பதில் தெரியும்.

2021-ல் என் தாய்மாமா கேட்டது இந்த மூன்றிலும் சேராத கேள்வி. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பயாப்சி ரிப்போர்ட்டை என் முன்னால் போட்டு, ஒரு வரியில் விரலை வைத்தார்.

"மாப்ள, இதென்ன மேண்டில்னு போட்டிருக்கான்? நம்ம பெட்ரோமாக்ஸ்ல கட்டற மேண்டிலா?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். அத்தைகூட. 'வைதேகி காத்திருந்தாள்' படம் வந்தது 1984-ல். கவுண்டமணி கடையில் செந்தில் கைபட்டு உதிர்ந்துபோன அந்த மேண்டிலை எங்கள் பக்கத்தில் இன்னும் யாரும் மறக்கவில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் அடுத்த வார்த்தை 'செல்'. அதற்கடுத்தது 'லிம்போமா'. சிரிப்பு நின்றுவிட்டது.

மாமா காங்கேயத்தில் கொப்பரை வியாபாரி. களத்தில் காய்கிற கொப்பரையை எடுத்து விரலால் அழுத்தி, ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவார். மெஷின் அப்புறமாக வந்து அதையே சொல்லும். அப்படிப்பட்டவர், தன் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்ததை நாலு மாசம் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, "வலிக்கலை, வுடு" என்று விட்டிருந்தார்.

வலிக்காததுதான் வில்லங்கமே. தொண்டைப் புண், பல்வலி வந்து கட்டுகிற நெறி பெரும்பாலும் வலிக்கும்; இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துவிடும். இது வலிக்கவும் இல்லை, கரையவும் இல்லை. ராத்திரியில் பனியன் பிழிகிற மாதிரி வேர்வை. சட்டைக் காலருக்குள் ரெண்டு விரல் போகும் அளவுக்கு இளைப்பு. "வெயில்ல களத்துல நின்னா எளைக்காதா?" என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். ஏ.ஸி. ஆபீஸில் உட்கார்ந்து இதைப் படிக்கிற நண்பர்களுக்கு அந்தக் காரணமும் கிடையாது. மாசக்கணக்கில் கரையாத நெறி இருந்தால் லீவு போட்டாவது போய்க் காட்டிவிடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று உடம்பில் அங்கங்கே நெறி முடிச்சுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு போலீஸ் ஸ்டேஷன். உள்ளே பி-செல் என்ற ஒரு வகை வெள்ளை அணுக்கள் டியூட்டியில் இருக்கும். எந்தக் கிருமி வந்தாலும் அதற்கேற்ற எதிர்ப்புப் பொருளைத் தயாரிப்பது அவற்றின் வேலை. நடுவில் பயிற்சி மைதானம் போல ஒரு வட்டம். அதைச் சுற்றிப் போர்வை போர்த்தியது போல ஒரு வளையம். அந்த வளையத்துக்குத்தான் மேண்டில் என்று பெயர். பெட்ரோமாக்ஸில் கட்டுவதும் அதே வார்த்தைதான். ஆக, மாமா கேட்டது அப்படியொன்றும் சிரிக்கிற கேள்வி இல்லை!

பி-செல் லிம்போமாவில் மட்டும் டஜன் கணக்கில் ரகங்கள். மேண்டில் செல் அவற்றில் அபூர்வமான ஒன்று. 11-ஆம் நம்பர் குரோமோசோமின் துண்டும் 14-ஆம் நம்பரின் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதனால் சைக்ளின் டி1 என்ற புரதம் அளவுக்கு மீறி உற்பத்தியாகி, செல்லைப் பெருகு பெருகு என்று விரட்டுகிறது. மாமாவின் ரிப்போர்ட்டில் 'சி.டி.20 பாசிட்டிவ், சைக்ளின் டி1 பாசிட்டிவ்' என்று போட்டிருந்தது. கிரயப் பத்திரத்தில் சர்வே நம்பர் எப்படியோ அப்படி இது. நம்பர் தப்பினால் தோட்டம் தப்பும். ரகம் தப்பினால் மருந்து தப்பும். அத்தை அந்தக் காகிதத்தை மளிகை பில்லோடு சேர்த்துக் கம்பியில் குத்தப் போனார். பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

முதல் ரவுண்டில் இரண்டு மருந்து. நாலு வாரத்துக்கு ஒரு தடவையாக ஆறு தடவை. ஒன்று பெண்டாமுஸ்டின், 1960-களில் கிழக்கு ஜெர்மனியில் பிறந்து, பெர்லின் சுவர் இடிந்த பிறகும் ரொம்ப நாள் வெளியூர் பார்க்காமல் இருந்த மருந்து. மற்றது ரிட்டுக்ஸிமாப். பி-செல்லின் சட்டையில் சி.டி.20 என்று ஒரு பட்டன் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு, 'ஆள் இங்கே இருக்கான், வாங்க' என்று உடம்பின் காவல்படையைக் கூப்பிடும். (நல்ல பி-செல்லுக்கும் அதே பட்டன் இருப்பதால் அதையும் சேர்த்துக் காட்டிக் கொடுத்துவிடும். அதனால்தான் இந்தச் சிகிச்சையில் இருப்பவர்களுக்குச் சளி, காய்ச்சல் வராமல் அவ்வளவு ஜாக்கிரதை.) அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது 1997-ல். பத்து வருஷம் கழித்து, 2007-ல், ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் கம்பெனி அதே மாதிரி மருந்தை ஏறக்குறைய பாதி விலைக்குக் கொண்டுவந்தது. மாமாவுக்கு முதல் பாட்டில் ஏறும்போது குளிர் நடுக்கத்தில் கட்டில் ஆடியது. வேகத்தைக் குறைத்துச் சாயங்காலம் வரை ஏற்றினார்கள். ஆறாவது தடவை முடிந்ததும் நெறி போன இடம் தெரியவில்லை. சிவன்மலையில் மொட்டை போட்டார்.

2023 ஆடி மாசம் அது திரும்பி வந்தது. இந்தத் தடவை கழுத்தில் இல்லை, அக்குளில்.

டாக்டர் ஊசியை விட்டுவிட்டு மாத்திரைக்குப் போகலாம் என்றார். இப்ருட்டினிப். "சிக்னலை பிளாக் பண்ணும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிட்டுவிட்டார். பாவம், வெளியே நாற்பது பேர். மிச்சத்தை நான்தான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. படித்தால், எல்லாம் நமக்குத் தெரிந்த ஆபீஸ் சமாசாரம்!

பி-செல்லுக்கு வெளியே ஒரு ஆன்டெனா. கிருமி வந்து தொட்டால் உள்ளே ஒரு ஃபைல் கிளம்பும். லின் என்கிற குமாஸ்தா முத்திரை குத்தி சிக் என்பவரிடம் தள்ளுவார். அவர் குத்தி பி.டி.கே. மேஜைக்கு அனுப்புவார். பி.டி.கே. குத்தினால்தான் ஃபைல் மேலே போகும். இன்னும் சில மேஜை தாண்டி உட்கருவுக்குள் போய்ச் சேர்ந்தால், அங்கே உத்தரவு ஆகும்: 'பெருகு. சாகாதே.' முத்திரை என்று சும்மா சொல்லவில்லை. இந்தக் குமாஸ்தாக்களுக்கு கைனேஸ் என்று பெயர். பாஸ்பேட் என்கிற துணுக்கை அடுத்த ஆள் மேல் ஒட்டுவதுதான் அவர்கள் வேலையே. தாலுகா ஆபீஸோடு ஒரே வித்தியாசம், இங்கே ஃபைல் நிமிஷத்தில் நகர்ந்துவிடும்.

மாமாவுக்கு இந்த உதாரணம் ரசிக்கவில்லை. ஆபீஸ் என்றாலே அவருக்கு ஆகாது. அதனால் சிவன்மலையைச் சொன்னேன். வெளியூர் நண்பர்களுக்காக: சிவன்மலை எங்கள் ஊரை ஒட்டிய முருகன் கோயில். அங்கே 'ஆண்டவன் உத்தரவுப் பெட்டி' என்று ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. யாரோ ஒரு பக்தரின் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார். அவர் கோயிலில் வந்து சொல்ல, சாமியிடம் பூ கேட்டு, உத்தரவு கிடைத்தால்தான் அந்தப் பொருளைப் பெட்டியில் வைப்பார்கள்.

"உங்க செல்லுல கனவும் வரலை, பூவும் கேக்கலைங் மாமா. பொட்டியில மட்டும் சாமான் ஏறிட்டே இருக்குது."

மாமா யோசித்தார். "அப்ப அது பொய் உத்தரவு."

"ஆமாங்."

"இந்த மாத்திரை என்ன பண்ணும்?"

"பொட்டிக்குப் போற வழியில மறிச்சு உக்காந்துக்குமுங்க."

"அப்பச் சரி" என்றார். ஐந்தாறு நாள் நான் படித்ததை இரண்டு வார்த்தையில் பைசல் பண்ணிவிட்டார்.

இந்த பி.டி.கே. மேஜை கண்டுபிடிக்கப்பட்ட கதை சுவாரஸ்யமானது. 1952-ல் அமெரிக்க ராணுவ டாக்டர் ஆக்டன் புரூட்டன் ஒரு எட்டு வயசுப் பையனைப் பார்த்தார். அவனுக்கு ஓயாமல் நிமோனியா. ரத்தத்தைச் சோதித்தால், கிருமியை எதிர்க்கும் காமா குளோபுலின் என்ற சரக்கே இல்லை. ஊசி மூலம் அதைக் கொடுத்துப் பையனைத் தேற்றினார். அந்த நோய்க்குக் காரணமான மரபணு கிடைத்தது 1993-ல், நாற்பத்தோரு வருஷம் கழித்து. புரூட்டன் பெயரையே வைத்தார்கள். புரூட்டன் டைரோசின் கைனேஸ், சுருக்கமாக பி.டி.கே. அந்த மேஜை காலியாக இருந்தால் பி-செல்லே வளராது என்பது பையனின் கஷ்டம். அப்படியானால், பி-செல் அடங்காமல் வளர்கிறவனுக்கு அந்த மேஜையைக் காலி பண்ணினால்? இப்ருட்டினிப் என்ற பெயரின் நடுவில் 'புரூட்' என்று புரூட்டனே உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள்.

மாத்திரை போய் பி.டி.கே.யின் நாற்காலியில் 481-வது இடத்தில் ஃபெவிக்கால் போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். அந்த பி.டி.கே. இனி முத்திரை குத்தாது. ஆனால் செல் சும்மா இருக்குமா? புதுசாக வேறொரு பி.டி.கே.யைச் செய்யும். அதனால் மாத்திரையும் தினம் தினம் போக வேண்டும்.

(காமர்ஸ்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த மருந்து முதலில் அமெரிக்காவில் செலரா என்ற கம்பெனியிடம் இருந்தது. 2006-ல் பார்மாசைக்ளிக்ஸ் என்ற கம்பெனி இருபது லட்சம் டாலர் ரொக்கமும் கொஞ்சம் பங்குகளும் கொடுத்து, வேறு சில ஆராய்ச்சிகளோடு சேர்த்து வாங்கியது. 2013 நவம்பரில் மேண்டில் செல்லுக்கு அனுமதி. 2015-ல் பார்மாசைக்ளிக்ஸையே ஆப்வி கம்பெனி வாங்கியது, 2,100 கோடி டாலருக்கு! என்னிடம் 2006-ல் இருபது லட்சம் டாலர் இல்லை.)

மாத்திரை ஆரம்பித்தது 2023 செப்டம்பரில். தினம் நாலு கேப்ஸ்யூல், ஒரே நேரத்தில். பத்தே நாளில் அக்குள் நெறி பாதியானது. ஆனால் மூன்றாவது வாரம் ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் கிடுகிடுவென ஏறியிருந்தன. மாமா பையன் போனில் அழுதேவிட்டான். டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. ஸ்டேஷனுக்குள்ளேயே இரு என்று செல்லைப் பிடித்து வைக்கிற உத்தரவும் இதே வழியாகத்தான் போகிறதாம். அது அறுந்ததும் நெறிக்குள் பதுங்கியிருந்ததெல்லாம் ரோட்டுக்கு, அதாவது ரத்தத்துக்கு, வந்துவிடுகின்றன. அங்கே தானாகத் தேய்ந்து போகும். நெறி சுருங்கிக்கொண்டே வரும்போது கணக்கு ஏறினால், முதல் சில வாரங்களில் அது பயப்பட வேண்டியதில்லை என்றார். அப்படியே ஆனது. கையில் அங்கங்கே நீலத் தழும்பு வந்ததும், அடிபட்டால் ரத்தம் சீக்கிரம் நிற்காததும்தான் தொந்தரவு. நெஞ்சு படபடப்பு உண்டா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். இந்த மாத்திரைக்கு இதயத்துடிப்பைக் கலைக்கிற குணம் உண்டு.

இனிமேல்தான் என் சப்ஜெக்ட்.

கீமோ என்பது மூலதனச் செலவு மாதிரி. ஆறு தடவை, இவ்வளவு ரூபாய், முடிந்தது. இந்த மாத்திரை வாடகை. "எத்தனை மாசத்துக்குங்க?" என்று மாமா கேட்டதற்கு, "அது கேக்கற வரைக்கும்" என்றார் டாக்டர். முடிவுத் தேதி இல்லாத பில்லை மாமா தன் வியாபாரத்தில் பார்த்ததே இல்லை. வாய் திறக்காமல் வாங்கி வந்தார்.

2024 ஏப்ரலில் அத்தை போன் செய்தார். "இந்த மாசம் மாத்திரை வாங்கப் போக வேண்டாம்னுட்டாருங்க உங்க மாமா. இருக்குதாமா."

இருக்குதா? எப்படி இருக்கும்? அன்றைக்கே பஸ் ஏறினேன். பில்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொள்முதல்: ஏழு மாசம், மாசம் 120, ஆக 840. செலவு: 210 நாள், நாளுக்கு நாலு, ஆக 840. முடிவு இருப்பு: பூஜ்யம். நிஜ இருப்பு? களத்து ரூமில் தராசுக்குப் பின்னால் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தது. கொட்டி எண்ணினேன். 164.

சரக்கு குறைந்தால் திருட்டு என்பார்கள். கூடினால் என்ன என்று எந்த ஆடிட்டிங் புஸ்தகத்திலும் நான் படித்ததில்லை.

"கணக்கு இடிக்குதே மாமா" என்றேன்.

மாமா கொப்பரையைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. 164-ஐ இரண்டால் வகுத்தால் 82. எண்பத்திரண்டு நாள் பின்னால் போனால் ஜனவரி 25. தைப்பூசம்.

"பூசத்துல இருந்து ரெண்டு ரெண்டா திங்கறீங்களா?"

"நெறிதான் கரைஞ்சுருச்சல்லோ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து: "தோட்டத்தைப் பாக்க புரோக்கர் வந்திருந்தான் மாப்ள. அப்புச்சி வெச்சுட்டுப் போன தோட்டம். அதை வித்து நான் மாத்திரை தின்னுட்டா, நாளைக்கு எம் பசங்க எதைத் திங்கறது?"

இதற்கு பி.காமில் பதில் இல்லை. எம்.காமிலும் இருக்காது என்று நினைக்கிறேன். நான் சொன்னது ஒன்றுதான்: "பாதி முத்திரையை நிறுத்தினா பாதி உத்தரவு போயிட்டுத்தான் இருக்கும் மாமா. அது நம்ம கிட்டச் சொல்லிட்டா போகும்?" இதே மாத்திரை சாப்பிட்ட இன்னொரு ரக ரத்தப் புற்றுநோய்க்காரர்களைப் பார்த்ததில், தொடர்ந்து எட்டு நாளோ அதற்கு மேலோ விட்டவர்களுக்கு நோய் சீக்கிரம் தலைதூக்கியது தெரிந்திருக்கிறது. சிலருக்குப் பக்கவிளைவு பார்த்து டாக்டரே அளவைக் குறைப்பதுண்டு. டாக்டர் குறைப்பது வேறு, கொப்பரை வியாபாரி குறைப்பது வேறு. மறுநாள் கோயம்புத்தூர் போனோம். ஸ்கேனில் வயிற்றுக்குள் ஒரு நெறி கொஞ்சம் தடித்திருந்தது. டாக்டர் திட்டவில்லை. "நீங்க முதல் ஆள் இல்லைங்க" என்றார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

அதற்கப்புறம் நாங்கள் சண்டை போட்டது நோயோடு இல்லை, விலையோடு. ஒரே மருந்தை நாலு கம்பெனி போட்டால் நாலு விலை. அட்டையில் அச்சிட்ட விலை ஒன்று, மொத்த வியாபாரி வாங்குகிற விலை வேறொன்று. இந்த நடு லாபம் அளவுக்கு மீறிப் போனதால்தான் 2019-ல் மத்திய அரசு 42 புற்றுநோய் மருந்துகளுக்கு லாபத்தை 30 சதவிகிதத்தில் கட்டிப்போட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 ஆனது, சிலவற்றுக்குப் பூஜ்யம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம் வரை உண்டு. எந்த மருந்து அதில் வரும் என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்டரில் முதல் நாளே கேட்டுவிட வேண்டும். மாமா வீட்டு வருமானத்துக்கு அது கிடைக்காது.

நம் நாட்டில் நாலு கம்பெனி விலை என்ற பேச்சே இருப்பதற்கு ஒரு காரணம் சென்னையில் இருக்கிறது. சிக்னலை மறிக்கும் மாத்திரைகளுக்கெல்லாம் மூத்த அண்ணன் கிளிவெக். இன்னொரு வகை ரத்தப் புற்றுநோய்க்கானது. நோவார்டிஸ் கம்பெனி இதன் ஒரு வடிவத்துக்குப் பேடன்ட் கேட்டு 1998-ல் விண்ணப்பித்தது சென்னை பேடன்ட் ஆபீசில். பழைய சரக்கைப் புது வடிவத்தில் கொண்டுவந்தால் மட்டும் போதாது, குணமும் கூடியிருக்க வேண்டும் என்கிறது நம் சட்டத்தின் 3(டி) பிரிவு. 2006 ஜனவரியில் சென்னை ஆபீஸ் மறுத்தது. அந்தப் பிரிவே செல்லாது என்று போட்ட வழக்கை 2007 ஆகஸ்டில் சென்னை ஹைகோர்ட் தள்ளியது. 2013 ஏப்ரல் 1-ல் சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனியின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. கம்பெனி மாத்திரை மாசம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய். நம்மூர் தயாரிப்பு பத்தாயிரத்துக்கும் உள்ளே. ஃபைல் நகர்வதைக் கிண்டல் பண்ணினேன் அல்லவா, அந்த ஆபீஸில் ஒருவர் முத்திரை குத்த மறுத்தது எத்தனை பேர் வீட்டுத் தோட்டத்தைக் காப்பாற்றியதோ!

எங்கள் விஷயத்தில், ஐந்து ஊர் மொத்தக் கடைகளுக்குப் போன் போட்டு, டாக்டர் சரி என்று சொன்ன ஓர் இந்தியத் தயாரிப்பை இறங்கிய விலைக்குப் பிடித்தோம். மாமாவின் பழைய லாரியை விற்றோம். மாமா பையன் திருப்பூரில் கூடுதலாக ஒரு ஷிஃப்ட் பார்க்கிறான். தோட்டம் அப்படியே இருக்கிறது. புரோக்கர் மட்டும் அவ்வப்போது 'சும்மா' வந்துவிட்டுப் போகிறார்.

இதெல்லாம் நிரந்தரம் என்று நினைத்துவிட வேண்டாம். செல் ஒரு நாள் அந்த 481-வது இடத்தையே மாற்றிக்கொண்டு, ஃபெவிக்கால் பிடிக்காதபடி செய்துவிடலாம். அதற்கு ஒட்டாமலே உட்காரும் பிர்டோபுருட்டினிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா 2023 ஜனவரியில் அனுமதி கொடுத்தது. அதே வருஷம் அங்கே மேண்டில் செல்லுக்கான இப்ருட்டினிப் அனுமதியைக் கம்பெனியே விட்டுக்கொடுத்தது. பின்னால் வந்த ஆய்வு எதிர்பார்த்த அளவுக்குக் கை கொடுக்கவில்லை. அகலாபுருட்டினிப், ஸானுபுருட்டினிப் என்று தம்பிகள் வந்துவிட்டார்கள்; இதயத்துக்கு இவர்களால் தொந்தரவு குறைவு. ஒரு கட்டத்தில் மாற்றலாம் என்கிறார் டாக்டர். நோயாளியின் சொந்த டி-செல்லையே எடுத்துப் பயிற்சி கொடுத்துத் திருப்பி ஏற்றும் 'நெக்ஸ்கார்-19' சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கியது. வெளிநாட்டில் கோடிகளில் ஆகிற சிகிச்சை இங்கே நாற்பது லட்சத்தைச் சுற்றி. இதை மாமா காதில் போட வேண்டாம் என்று எல்லோரும் பேசி வைத்திருக்கிறோம். அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

மாத்திரை ஆரம்பித்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. தடித்திருந்த அந்த நெறி மறுபடி சுருங்கிவிட்டது. ஸ்டாக் பொறுப்பு இப்போது அத்தையிடம். சனிக்கிழமை சாயங்காலம் எண்ணிச் சொல்வார்; நான் போனில் டேலி பார்ப்பேன். போன வாரம் இரண்டு குறைந்தது. அத்தை பதறிப்போய்க் களம் பூராவும் கொப்பரையைப் புரட்டித் தேடியிருக்கிறார். கடைசியில் அவருடைய சேலை முந்தானை முடிச்சிலேயே கிடைத்தது.

போனை மாமா வாங்கிக்கொண்டார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"எழுதிக்க மாப்ள. இந்த வாரம் உங்க அத்தை கணக்குத்தான் இடிக்குது!"